பானட்டை ஓங்கி அறையாதீர்கள்!



இம்முறை பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். அதற்குள் என் காரின் பானட் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அந்த நிகழ்ச்சியும் அதையொட்டி மனத்தில் எழுந்த சில எண்ணங்களும் என்னை விடவில்லை. ஆகவே வாசிப்பு அடுத்த முறைக்குத் தள்ளிப்போகிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். நம் நாட்டில் பலரும் காரின் பின்புறம் சாமான் வைக்கும் பகுதியைத்தான் பானட் என்கிறார்கள். மலாய்க்கார நண்பர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் இங்கே பேசுவது முன்புறம், இயந்திரத்தின் மேல் மூடியிருக்கும் இரும்பு மூடியைப் பற்றி. பின்புறம் திறந்துகொண்டால் பழக்கூடை விழும். முன்புறம் திறந்துகொண்டால் நடப்பது வேறு.

சில வாரங்களுக்கு முன்பு காருக்குப் பேட்டரி மாற்றினேன். மாற்றிக்கொடுத்த இளைஞர் பானட்டை மூடினார், பூட்டவில்லை. மறுபடி சற்று ஓங்கி மூடினார், பூட்டவில்லை. மூன்றாம் முறை இரண்டு கைகளாலும் ஓங்கி அறைந்தார். "ஆச்சு டீச்சர்" என்றார். நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் கண்ணாடி துடைக்கும் நீரை ஊற்றுவதற்காக நானே திறந்தேன். மூடும்போது அதே தொல்லை. நானும் அதே வைத்தியத்தைச் செய்தேன். அறைந்தேன். ஐந்தாறு முறை அறைந்த பின்பு மூடியது போல் தெரிந்தது. முன்விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் ஏழு மணிக்குள் பள்ளியில் இருக்க வேண்டிய ஒருத்திக்கு அந்த இடைவெளி பெரிதாகத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்கு ஈப்போவில் கதை சொல்லும் போட்டி. தைப்பிங்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். மகள் பட்டுப்பாவாடை அணிந்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் கதையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சங்காட் ஜெரிங் கடந்து, கோலகங்சார் கடந்து, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது காரின் முன்புறம் படபடவென்று நடுங்கத் தொடங்கியது. முதலில் சாலைதான் சரியில்லையோ என்று நினைத்தேன். பிறகு கண்ணால் பார்த்தேன். பானட் ஒரு பறவையின் இறக்கை போல மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தது.

வேகத்தை அறுபதுக்குக் குறைத்தேன். நடுக்கம் அடங்கியது. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, இடப்பக்கத் தடத்திலேயே ஊர்ந்து, சுங்கை பேராக் ஓய்விடத்தில் போய் நிறுத்தினேன். கைகள் நடுங்கின. மகள் கதை சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

வேகத்தைக் குறைத்ததும் நடுக்கம் ஏன் அடங்கியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்று தள்ளும் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பானட்டை ஒரு பங்கு விசை தூக்கப் பார்க்கிறது என்றால், நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110-இல் நான்கு பங்கு தூக்கும். இரட்டிப்பு வேகம், நான்கு மடங்கு விசை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே எந்தத் தொல்லையும் தராமல் ஓடிய பானட், நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு துடித்ததற்குக் காரணம் இதுதான். அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு சிறு கொக்கி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓய்விடத்தில் இறங்கியதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் அறைந்தேன்! பக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மூன்று முறை அறைந்தேன். பிறகு காரில் கிடந்த ராஃபியா கயிற்றை எடுத்தேன். அப்போது, சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்த லாரியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவராக இருப்பார்.

"அடிக்காதீங்கம்மா. ஏன் மாட்ட மாட்டேங்குதுன்னு மொதல்ல பார்ப்போம். அந்தக் கயித்த உள்ள வைங்க, அது துணி காயப் போடத்தான் ஆகும்" என்றார்.

அவர் கருவி எதையும் உடனே எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். பேட்டரியின் மேல் கை வைத்து, அது பானட்டை முட்டும் அளவுக்கு உயரமா என்று பார்த்தார். ரப்பர் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"உள்ள போயி அந்தப் பிடிய ஒரு தடவ இழுத்து விடுங்க. தானா திரும்பி வருதா?"

இழுத்து விட்டேன். திரும்பி வரவில்லை. இழுத்த இடத்திலேயே தளர்ந்து தொங்கியது.

"அதான்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அந்தக் கைப்பிடியை இழுத்து வருகிறேன். அது தானாகத் திரும்பிவர வேண்டிய ஒன்று என்பதை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில், அந்தப் பெரியவர் எனக்குக் காட்டியதையும், பிறகு பட்டறையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, பானட் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பானட்டைத் தூக்கி அதன் முன்விளிம்பின் உட்புறத்தைப் பாருங்கள். தடித்த கம்பி ஒன்று வளையமாகக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே, ரேடியேட்டருக்கு மேலுள்ள இரும்புச் சட்டத்தில் பூட்டு இருக்கும். பூட்டின் நடுவே நண்டின் கொடுக்கைப் போல வாய் பிளந்த ஒரு தகடு. பானட் இறங்கும்போது வளையக் கம்பி அந்த வாய்க்குள் விழுந்து அழுத்துகிறது. தகடு சுழன்று கம்பியைக் கவ்விக்கொள்கிறது. உடனே பக்கத்திலுள்ள ஒரு சிறு தடுப்பு, ஸ்பிரிங்கின் இழுப்பால் வந்து விழுந்து, தகடு திரும்பிச் சுழலாதபடி நிறுத்திவிடுகிறது. நாம் கேட்கும் 'டக்' என்ற ஒலி அந்தத் தடுப்பு விழும் ஒலிதான். ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகிலுள்ள கைப்பிடியை இழுத்தால், சைக்கிள் பிரேக்குக்கு இருப்பதைப் போன்ற ஒரு கேபிள், அந்தத் தடுப்பை விலக்குகிறது. அவ்வளவுதான்.

என் காரில் கேபிளின் உறைக்குள் துரு ஏறியிருந்தது. கைப்பிடி திரும்பவில்லை; ஆகவே தடுப்பும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. தகடு கம்பியைக் கவ்வினாலும் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. நான் நூறு முறை அறைந்திருந்தாலும் அது பூட்டியிருக்காது. அறைய அறையப் பூட்டும் சட்டமும் மூடியின் மெல்லிய தகடும் வளைந்ததுதான் மிச்சம். என் பானட்டின் நடுவே இன்றைக்கும் இரண்டு உள்ளங்கைப் பள்ளங்கள் இருக்கின்றன. பாதி என்னுடையவை, பாதி அந்த இளைஞருடையவை.

இனி அந்தச் சிறு கொக்கிக்கு வருகிறேன். கைப்பிடியை இழுத்ததும் பானட் முழுதாகத் திறந்துகொள்வதில்லை அல்லவா? இடைவெளியில் விரலை விட்டு ஒரு நெம்பை நகர்த்தினால்தான் தூக்க முடிகிறது. அந்த நெம்புதான் இரண்டாவது கொக்கி. முதல் பூட்டு கைவிட்டுவிட்டால் காற்று பானட்டைத் தூக்கிக் கண்ணாடியின் மேல் அடித்துவிடாமல் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது காவலுக்கு வைத்த கொக்கி. நெடும்பயணத்தைத் தாங்குவதற்கு வைத்த பூட்டு அன்று. ஒரு விரல் இடைவெளியோடு ஓடும் கார் ஒவ்வொன்றும் அந்தக் கொக்கியை மட்டுமே நம்பி ஓடுகிறது. அதை நம்பித்தான் என் மகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

(ஒருவேளை ஓடும்போதே பானட் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிட்டால் திடீரென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது, பின்னால் வருபவர் மோதிவிடுவார். மெல்ல வேகத்தைக் குறைத்து, அபாய விளக்கைப் போட்டு, பானட்டின் அடிப்பகுதிக்கும் கண்ணாடிக்கும் இடையே தெரியும் சந்து வழியாகவும் பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்த்துக்கொண்டு, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். பெற்றோர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பெரியவர் கைப்பிடியைத் திருப்பித் தள்ளச் சொன்னார். ஒரு திருப்புளியால் தடுப்பை அசைத்து, லாரியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பானட்டை மூடிப் பார்க்கவில்லை. திருப்புளியின் தண்டையே வளையக் கம்பியாகப் பாவித்து, அதைத் தகட்டின் வாயில் வைத்து அழுத்தினார். டக். இன்னும் அழுத்தினார். டக். பூட்டிக்கொண்டது. "இப்போ பிடிய இழுங்க" என்றார். தகடு திறந்துகொண்டது. இப்படி நான்கு முறை செய்த பின்புதான் பானட்டை ஓர் அடி உயரத்துக்கு இறக்கி, கையை விட்டார். தன் எடையாலேயே விழுந்து பூட்டிக்கொண்டது. ஓர் அறையும் இல்லை. முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை.

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. திருப்புளியால் பூட்டிப் பார்த்த பின்பு கைப்பிடியை இழுத்துத் தகட்டைத் திறந்துவிட வேண்டும். மறந்துவிட்டுப் பானட்டை இறக்கினால், மூடிய வாயின் மேல் கம்பி மோதும்; எத்தனை முறை அறைந்தாலும் பூட்டாது. 'நேற்று வரை நன்றாக இருந்தது' என்று சிலர் திகைப்பதற்கு இப்படி ஏற்கெனவே மூடிக்கொண்ட வாயும் ஒரு காரணம் என்று பட்டறைக்காரர் சொன்னார்.

"இன்னிக்கி ஓடும். நாளைக்கிக் கேபிள மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் நீட்டிய பணத்தை வாங்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டார் அந்த அண்ணன். எல்லாம் பதினைந்து நிமிடம். போட்டிக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நினைவுக்கு வந்த ஒன்று.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் காரை விட்டு இறங்கி வந்து, அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "தாத்தா, அது என்ன?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவாடையில கிரீஸ் பட்டுடும். போய் உட்காந்து கதையைச் சொல்லிப் பாரு" என்று விரட்டிவிட்டேன். அவளும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஆறாம் ஆண்டுக்கு அறிவியல் போதிப்பவள். எளிய எந்திரங்கள் ஏழு என்று ஆண்டுதோறும் எழுதிப் போடுகிறேன். நெம்புகோல், சாய்தளம், ஆப்பு, திருகாணி, பற்சக்கரம், கப்பி, சக்கரமும் அச்சும். மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்த ஓய்விடத்தில் என் கண் முன்னால் இருந்தவை என்ன? கைப்பிடி ஒரு நெம்புகோல். கவ்வும் தகடும் தடுப்பும் நெம்புகோல்கள். இரண்டாவது கொக்கியின் மேல்முகம் சரிவாக இருப்பதால்தான் கம்பி இறங்கும்போது அது தானாக விலகி வழிவிடுகிறது, அது சாய்தளம். பானட்டின் இரு மூலைகளிலும் உள்ள ரப்பர் கட்டைகள் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியவை, அவை திருகாணிகள். ஏழில் மூன்று அங்கேயே இருந்தன. அவற்றின் பெயர்களை இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நான் அவற்றில் ஒன்றையும் காணவில்லை. கண்டது மூடாத ஒரு மூடியை மட்டும். கேட்க வந்த பிள்ளையையும் விரட்டிவிட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, இது என் ஒருத்தியின் குறைபாடு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது கெமாஹிரான் ஹிடுப் என்று ஒரு பாடம் தொடக்கப்பள்ளிகளில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் இருக்கிறது. வரைந்து, வெட்டி, பொருத்தி, சோதித்து, தவறினால் கழற்றி மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டிய பாடம். வாரத்தில் இரண்டே பாடவேளை. அந்த இரண்டுக்கும் என்ன நேர்கிறது என்று நமக்குள் வெளிப்படையாகப் பேசுவோம். கணிதம் முடியவில்லை என்றால் யாரிடம் கடன் வாங்குகிறோம்? நாடகப் பயிற்சிக்கு யாருடைய நேரம்? கடன் என்றுதான் பெயர். திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. நானே யூபிஎஸ்ஆர் காலத்தில் ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் அந்தப் பாடவேளைகளை மாதிரித் தேர்வுத் தாள்களுக்குக் கொடுத்தவள். யூபிஎஸ்ஆர் கடைசியாக 2019-இல் நடந்தது. 2020-இல் கோவிட் காரணமாக இரத்தானது. 2021-இல் அடியோடு நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் மற்றப் பாடங்கள் முட்டும்போது முதலில் ஒதுங்கி நிற்பது அந்தப் பாடம்தான்.

நடக்கும் வகுப்புகளிலும் பெரும்பாலும் பாடநூலைத் திறந்து, கருவிகளின் படத்துக்குக் கீழே பெயர் எழுதுகிறோம். திருப்புளி என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளை, எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியாமல் நிற்கிறது. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கிறோம். திருப்பத் தெரியாததற்குக் குறைப்பதில்லை.

பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஒழுங்கா படிக்கலேன்னா ஒர்க்‌ஷாப்புல ஸ்பேனர் புடிக்கத்தான் போவணும்" என்ற வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை முறை ஒலிக்கிறது? வகுப்பறையிலும் ஒலிக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தொழிலை நாம் தண்டனையாகச் சொல்லிச் சொல்லி, அந்தத் தொழிலில் உள்ள அறிவைப் பிள்ளைகள் மதிக்காதபடி செய்துவிட்டோம். அந்த லாரி அண்ணன் செய்தது என்ன? பார்த்தார், காரணம் எவையெவையாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார், ஒரு கேள்வி கேட்டார், சிறிய சோதனை ஒன்றால் உறுதிப்படுத்தினார், அதன் பிறகுதான் மூடினார். உற்றறிதல், ஊகித்தல், சோதித்தல் என்று நாங்கள் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை அட்டையில் எழுதி வகுப்பின் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம். அட்டை நிறம் மங்கிவிட்டது.

பிள்ளைகள் எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆகட்டுமே, அதிலும் தவறில்லை. தொழிற்கல்லூரிகளில் டிப்ளோமா வரை படிக்க வழியும் இருக்கிறது. நான் சொல்வது அதைவிடச் சிறியது. ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் ஏன் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் எந்த வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் வேண்டும். இதிலிருந்து பிள்ளை வளர்ப்புக்கு ஓர் உவமை இழுக்க எனக்கும் ஆசை வருகிறது, ஆசிரியர் புத்தி! வேண்டாம். பானட் பானட்டாகவே இருக்கட்டும்.

மறுநாள் பட்டறை மூடியிருந்தது. திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் போனேன். கேபிளையும் பூட்டையும் மாற்றினார்கள். பூட்டு பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடையிலிருந்து வந்தது. கூலியோடு சேர்த்து எண்பத்தைந்து வெள்ளி. பூட்டைப் பொருத்துவதற்கு முன்பு, பழைய பூட்டு சட்டத்தில் எங்கே இருந்தது என்று மார்க்கர் பேனாவால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார் பட்டறைக்காரர். அதன் பிறகுதான் பத்தாம் எண் ஸ்பேனரால் ஆணிகளைத் தளர்த்தினார். பூட்டு இரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் வளையக் கம்பி வாயில் விழாமல் ஓரத்தில் முட்டுமாம். எண்ணெய் தெளித்தால் மட்டும் போதாது, அது சீக்கிரம் உலர்ந்துவிடும், துருவையும் அழுக்கையும் துடைத்தெடுத்த பின்பு கிரீஸ் தடவ வேண்டும் என்றும் சொன்னார். இம்முறை மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். பழைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அழைத்துப் போனேன்.

பழைய பூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, ஒரு பலகையில் திருகி, ஆறாம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன். எல்லாம் அழகாக நடந்தது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. முதல் பத்து நிமிடம் ஒரே கூச்சல். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டக் டக் என்று அடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். ஒரு மாணவன் திருப்புளிக்குப் பதில் விரலை விடப் போனான், தடுத்துவிட்டேன். அதன் பிறகு, தண்டைத் தவிர எதுவும் அந்த வாய்க்குள் போகக் கூடாது என்று விதி செய்தோம். "டீச்சர், இது சோதனையில வருமா?" என்று முன்வரிசை மாணவி கேட்டாள். வராது என்றேன். அவள் தன் பயிற்சி நூலைத் திறந்துகொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் நாம்.

ஆனால் இரண்டாம் பாடவேளையில், நான் கேபிளைக் கழற்றி மறைத்துவைத்துவிட்டு, "ஏன் பிடிக்கவில்லை, கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொன்னபோது வகுப்பு அமைதியானது. ஸ்பிரிங் என்றான் ஒருவன். இல்லை என்றான் மற்றவன். ஸ்பிரிங்கை இழுத்துக் காட்டினான். தடுப்பைத் திருப்புளியால் விலக்கி வைத்தால் பிடிக்காது, விட்டால் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவள், எழுத்துத் தேர்வில் இதுவரை ஐம்பது மதிப்பெண்ணைத் தாண்டாதவள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அவள் எப்போதும் முதல் மூன்றில் வருபவள். அவளுக்கும் இது புதிதாக இருந்தது. "நெம்புகோல் இப்படித்தான் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். படத்தில் அது எப்போதும் ஒரு கல்லும் ஒரு தடியுமாகத்தான் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் ஓடும் காரில் பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் சூடாக இருக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. சில கார்களில் சாவியை எடுத்த பின்பும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். பானட்டைத் தாங்கும் கம்பி தன் குழியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்த பின்பே பிள்ளையை எட்டிப் பார்க்க விட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் ஆறியிருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும். கைப்பிடியைப் பிள்ளை இழுக்கட்டும். அது திரும்பி வருகிறதா என்று அவர்களே சொல்லட்டும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதம் வேண்டாம். "ஏன் இரண்டு கொக்கி?" என்று நிச்சயம் கேட்பார்கள்.

வகுப்பிலிருந்த பூட்டு மூன்றாம் வாரம் உடைந்துவிட்டது. ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துப் போய்விட்டது. அலமாரிக்குப் பின்னால் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். பெற்றோர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கழித்துப் போடும் பானட் பூட்டுகள் இரண்டு மூன்று எனக்கு வேண்டும். துரு இருந்தாலும் பரவாயில்லை. அலுவலகத்தில் கொடுத்துவைத்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். கேபிளும் சேர்ந்து கிடைத்தால் மிகவும் நல்லது.